சைபர் நானூற்றுப் பதினேழு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தைதான் என்றால் இது: கூட்ட முடியாததை எண் என்று எழுதாதீர்கள். ஒரு வார்த்தை கூடிவிட்டது. பரவாயில்லை.

அது போதும் என்கிறவர்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். ஏன் என்று கேட்கிறவர்கள் மேலே படியுங்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் பதினாலு வருஷம் லேடி செக்யூரிட்டியாக இருந்தேன். பெண்களின் பையைப் பார்க்கிற சின்ன அறையில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர் வெளியே போகிறவர் பதிவேடு எழுதுவேன். நம் முதலாளி அந்த வாசலுக்குக் கம்ப்யூட்டர் போட வந்தவர். என் நோட்டைப் புரட்டினார். ஸ்கேல் வைத்துக் கட்டம் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே மாதிரி எழுதியிருந்தேன்.

"இத யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"யாரும் இல்ல சார். இப்பிடி எழுதுனாதான் தேடுனா கெடைக்கும்" என்றேன்.

அடுத்த மாதம் வேலைக்கு வரச் சொன்னார். வாடிக்கையாளரிடம் போக வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், கட்டம் கட்டமாக எழுதி வர வேண்டும். அதற்கு ரெக்வயர்மென்ட் என்று பேர். அந்தப் பேரைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வேலை அவ்வளவு கஷ்டமில்லை. பத்து வருஷம் செய்தேன். போன வருஷம் ஓய்வு.

நம் படிவம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே அது என்ன வகை என்று குறிக்க வேண்டும். எழுத்து, எண், தேதி, ஆம்-இல்லை, பட்டியல். பெரும்பாலும் இந்த ஐந்தில் அடங்கிவிடும். வாடிக்கையாளர் "எல்லாத்தையும் ஓப்பனா விட்ருங்க, எது வேணா வரலாம்" என்பார். விடாதீர்கள். எது வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டால் அதுதான் வரும்.

வகையை நீங்களாக நினைத்துக்கொண்டு குறிக்கவும் கூடாது. பென்னலூர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. 'சரக்கு வந்ததா' என்ற கட்டத்துக்கு ஆம்-இல்லை என்று குறித்தேன். ஸ்டோர்காரர் அந்தக் கட்டத்தையே முறைத்தார்.

"வந்துச்சு மேடம். ஆனா வரல."

லாரி வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே நிற்கிறது. சீட்டில் ஒரு முத்திரை குறைகிறது, உள்ளே விடவில்லை. ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். பட்டியலாக மாற்றினேன். வரவில்லை, வெளியே நிற்கிறது, உள்ளே வந்தது, திரும்பிப் போனது. மனுஷன் மகிழ்ச்சியில் எனக்கு இரண்டு டீ சொன்னார். இரண்டையும் குடித்தேன்.

அது சின்னத் தப்பு. டீயோடு போனது. பெரிய தப்பைச் சீட் கம்பெனியில் செய்தேன்.

ஒரகடத்தில் காருக்கு சீட் செய்கிற கம்பெனி. ஒரு பக்கம் இரும்புச் சட்டத்தை வெல்டிங் வைப்பார்கள். இன்னொரு பக்கம் வரிசையாகத் தையல் மெஷின்கள், உறை தைப்பார்கள். வெல்டிங்கில் நிரந்தர வேலைக்காரர்கள், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். தையலில் பெரும்பாலும் தெற்கே இருந்து வந்த பெண்கள், ஹாஸ்டலில் தங்கி கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள்.

நிரந்தரத்துக்கு ஒரு பதிவேடு, கான்ட்ராக்டுக்கு ஒரு பதிவேடு. இரண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். வித்தியாசம் தெரிவதற்காகக் கான்ட்ராக்ட் ஆட்களின் நம்பருக்கு முன்னால் ஒரு சைபர் போட்டிருந்தார்கள். யார் தொடங்கி வைத்த வழக்கமோ தெரியாது. நிரந்தரக்காரர் 417 என்றால், கான்ட்ராக்டில் 0417 என்று வேறு ஒருவர் இருப்பார். அங்கே சாதாரணமாகவே "அது சைபர் ஆளு" என்றுதான் பேசுவார்கள்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை மெஷின் வைக்க வேண்டும். லீவு, நாளைய சாப்பாடு, சீருடை, ஷூ எல்லாம் அதில் கேட்டுக்கொள்ளலாம். நம்பரைத் தட்டினால் சீட்டு வரும். காகிதம் மிச்சம் என்று சீட்டில் பேர் வேண்டாம் என்றார்கள். நம்பர் மட்டும்.

எச்.ஆர். அதிகாரியின் ஏசி அறையில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகக் கேட்டேன்.

"ஊழியர் எண்?"

"ஆமா, எம்ப்ளாயி நம்பர். முக்கியம்" என்றார்.

நம்பர் என்று சொன்னார். எண் என்று குறித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பதினாலு வருஷம் தினமும் நூற்றுக்கணக்கான அடையாள அட்டைகளைப் பார்த்தவள் நான். அன்றைக்கு வெளியே போய் ஒரே ஒரு அட்டையைப் பார்க்கவில்லை. ஏசி சுகமாக இருந்தது.

கம்ப்யூட்டரிடம் இது எண் என்று சொன்னால், முன்னால் நிற்கிற சைபரைத் துடைத்துவிடும். 0417 போட்டாலும் அதற்கு 417தான். அதன் கணக்குக்கு அது சரி. நாம் சொன்னதைத்தான் செய்கிறது.

நம் ஆபீசில் புரோகிராம் எழுதிய கௌசல்யா, கான்ட்ராக்ட் பட்டியலை ஏற்றும்போது எனக்குப் போன் செய்தாள். "அக்கா, இதெல்லாம் ஏற்கனவே இருக்குன்னு காட்டுது. விட்ரவா?"

"இருந்தா விடு" என்றேன்.

என் தப்பு இரண்டாச்சு.

திங்கட்கிழமை மெஷினுக்குக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஓட்டத் தொடங்கினோம். பெண்கள் வரிசையில் நின்று ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு தட்டிப் பார்த்தார்கள். கோயில் திருவிழா மாதிரி இருந்தது. முதல் வாரம் நான் மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை காலையில் தேவசகாயம் அண்ணன் வந்தார். மண்ணூர்க்காரர். வெல்டிங்கில் இருபது வருஷம். ஆள் இரட்டை நாடி. கையில் ஒரு ஜோடி புது ஷூ.

"இன்னாமா இது? பதினோரு நம்பர் காலு எனக்கு. அஞ்சாம் நம்பர் குடுக்கறான். இத்தக் கட்டவெரல்ல மாட்டிக்கினு டான்ஸ் ஆடவா?"

பின்னாலேயே ஸ்டோர்காரர். "மெஷின்ல நீதான்யா கேட்டுருக்க. நானூத்திப் பதினேழு, சைஸ் அஞ்சு. சீட்டு கீதே."

வெல்டிங் ஆட்கள் விடுவார்களா?

"அண்ணனுக்குக் காலு சூட்டுல உருகிடுச்சு."

"பாதம் மட்டும் ரிவர்ஸ்ல வளருது போல."

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் கோழிக் குழம்பு. தேவசகாயம் அண்ணன் தட்டை நீட்டினார். பரிமாறுகிறவர் நம்பரைப் பார்த்துவிட்டுத் தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தார்.

"யோவ், நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன். புதன்கெழம எனக்கு இன்னாயா வெரதம்?"

"நீதான் சைவம்னு போட்டுக்கீற."

"அண்ணன் திருந்திட்டாருடா" என்று ஒருவன் கை தட்டினான். கூடமே தட்டியது. அவர் கோபத்தோடு தயிர் சாதத்தை முழுசாகச் சாப்பிட்டார்.

நானும் சிரித்தேன். கைதவறித் தட்டியிருப்பார், வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு வேடிக்கை நடந்தால் அது வேடிக்கை இல்லை. சிரித்து முடித்ததும் நோட்டை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மூன்று.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எச்.ஆர். அதிகாரி வந்திருந்த லீவுகளைப் பார்த்து அனுமதி கொடுத்தார். உடனே மெஷின் அவரவர் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். தொழிற்சாலைக்குள் போன் கூடாது என்பதால் நிறையப் பேர் வீட்டில் இருக்கிறவர்களின் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். தேவசகாயம் அண்ணன் மனைவியின் நம்பரைக் கொடுத்திருந்தார்.

பதினொன்றரைக்கு வாசலிலிருந்து எனக்கு ஆள் வந்தது. போனேன். என் வயசுதான் இருக்கும், ஒரு அம்மா. இடுப்பில் கை. ஷேர் ஆட்டோவில் வந்த வேகத்தில் தலை கலைந்திருந்தது.

"நீதான் அந்த மெஷின் அம்மாவா?"

"ஆமாங்க. கன்னியம்மா."

"நான் ஸ்டெல்லா. வெல்டிங் தேவசகாயம் பொஞ்சாதி. ஏம்மா, என் புருசனுக்கு என்னிக்கிமா கல்யாணம்? தேதி சொன்னா நானும் ஒரு பொடவ எடுப்பேன்ல?"

போனை நீட்டினார். படித்தேன். '417. திருமண விடுப்பு ஐந்து நாள் அனுமதிக்கப்பட்டது. இல்லறம் இனிதே அமைய வாழ்த்துகள்.' வாழ்த்து, கௌசல்யா ஆசையாகச் சேர்த்த வரி.

மறுபடியும் படித்தேன்.

அதற்குள் யாரோ சொல்லி தேவசகாயம் அண்ணனே வந்துவிட்டார். முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கி விட்டிருந்தார்.

"ஸ்டெல்லா! நீ இன்னா இங்க?"

"பொண்ண ஒரு தபா பாத்துக்கினு போலாம்னு வந்தேன்."

"எந்தப் பொண்ண?"

போனை அவர் மூக்குக்கு எதிரே பிடித்தார். கண்ணாடி இல்லாமல் அவர் கையை நீட்டி நீட்டிப் படித்தார்.

"அஞ்சு நாளா? ஒன்னக் கட்டிக்கினப்பவே எனக்கு மூணு நாளுதானடி குடுத்தானுங்க!"

செக்யூரிட்டி இரண்டு பேர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதுகு குலுங்கியது.

"சிரிக்காதீங்க" என்று ஸ்டெல்லா அதட்டினார். "நேத்துத் தயிர் சோறு துன்னாராம். கோழிய வேணான்னாராம். தெருவே சொல்லுது. கல்யாணத்துக்கு மின்னாடி ஒடம்ப எறக்குறாராட்டம் கீது. சரி, அத்த வுடு. யாருக்குயா அந்த அஞ்சாம் நம்பர் ஷூ?"

தேவசகாயம் அண்ணன் தன் பதினோராம் நம்பர் காலைத் தூக்கிக் காட்டினார்.

எச்.ஆர். அதிகாரி மூச்சு வாங்க ஓடி வந்தார். "மேடம், உங்க பொண்ணுக்குக் கல்யாணம்னு நெனச்சுத்தான் நான் அப்ரூவ் பண்ணேன்."

"எனக்கு ரெண்டுமே பசங்க சார். ரெண்டும் படிச்சிக்கினு கீதுங்க."

அப்போது தையல் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பேர் செல்வி. சங்கரன்கோவில் பக்கம். இருபத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்த முகம்.

"யக்கா, லீவு தந்த லிஸ்டு வந்துட்டு. எனக்கு வரல. லிஸ்ட்ல ஒன் நம்பரே இல்லங்காவ சூப்பர்வைசர். ஞாயித்துக்கெழம எனக்குக் கல்யாணம்க்கா. இன்னைக்குச் சாயங்காலம் தாம்பரத்துல ரயிலு. மத்தியானத்துல இருந்துதானக்கா லீவு கேட்டேன், பாருங்க."

சீட்டை நீட்டினாள். 417, திருமண விடுப்பு, வியாழன் மதியம் முதல். அவள் நெஞ்சில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். 0417. தேவசகாயம் அண்ணனின் சட்டையைப் பார்த்தேன். 417.

அந்தச் சைபரைத் துடைத்தது நான்தான்.

ஸ்டெல்லா என்னைவிட வேகம். அட்டையைப் பார்த்தார், செல்வியின் காலைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒன் காலு இன்னா நம்பரு?"

"அஞ்சுக்கா. திங்கக்கெழம கேட்டேன், இன்னும் வரல."

"நேத்து இன்னா சோறு கேட்ட?"

"தயிர் சாதம்க்கா. கல்யாணம் வரைக்கும் கவுச்சி தொடக்கூடாதுன்னு எங்கம்மை சொல்லிருக்கா. ஆனா லிஸ்ட்ல நம்பர் இல்லன்னு எனக்குக் கோழிதான் வச்சாவ. பக்கத்துல இருக்கவ தின்னா."

ஸ்டெல்லா செக்யூரிட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "இதான்யா பொண்ணு! நல்லாக்கீது, கண்ணுக்கு லட்சணமா கீது!" தேவசகாயம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

செல்வி சிரிக்கவில்லை. அனுமதி இல்லாமல் ஊருக்குப் போனால் கான்ட்ராக்டர் பேரை அடித்துவிடுவார். திரும்பி வரும்போது அந்த அட்டை வேறொருத்தி கழுத்தில் இருக்கும். போகாமல் இருந்தால் ரயில் போய்விடும். தாம்பரம் போகிற கம்பெனி வேன் இரண்டரைக்கு. அப்போது மணி பன்னிரண்டே கால்.

இந்த இடத்தில் உங்களுக்கும் ஒரு நாள் நிற்க வேண்டி வரும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எச்.ஆர். அதிகாரி, "சிம்பிள். மெஷின்ல திருத்திடுங்க" என்றார்.

கௌசல்யாவைக் கூப்பிட்டேன். "அய்யோ அக்கா" என்றாள். பிறகு, "எண்ணுங்கறத எழுத்துன்னு மாத்தணும். அஞ்சு நிமிஷம்" என்றாள்.

"மாத்தாத" என்றேன்.

போன சைபர் திரும்பி வராது. திங்கட்கிழமையிலிருந்து சைபர் ஆட்கள் கேட்டதெல்லாம் வேறு யார் யார் பேரிலோ ஒட்டிக்கிடக்கிறது. எது யாருடையது என்று மெஷினுக்குத் தெரியாது. இப்போது கட்டத்தை மட்டும் மாற்றினால் தப்புக்கு மேல் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். மேலும் மேலும் ஆட்கள் தட்டிக்கொண்டே இருப்பார்கள். முதலில் நிறுத்த வேண்டும்.

அதற்குள் கௌசல்யா சொல்லி முதலாளி கூப்பிட்டார்.

"கன்னிமா, நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிடுங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடலாம். இது போனா அடுத்த வேலையும் போய்டும்."

நல்ல மனுஷர். பயத்தில் பேசுகிறார். நான் செல்வியைப் பார்த்தேன்.

"சார், நெட்வொர்க்னா எல்லாரும் அது வரட்டும்னு குந்திக்கினு இருப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு ரயிலு சாயங்காலம். தப்புன்னு சொன்னாதான் இப்பவே காயிதத்துல எழுதலாம்."

"சொல்லிடுங்க" என்றார்.

எச்.ஆர். அதிகாரியிடம் சொன்னேன். "சார், தப்பு என்னுது. சைபர நான் பாக்கல. மெஷின நிறுத்தறேன். லீவ காயிதத்துல குடுங்க."

"சைபர் இருக்குன்னு மீட்டிங்ல சொல்லலயா நானு?" என்றார் அவர், குழம்பிப்போய்.

"நான் கேக்கல சார்."

போய் பிளக்கைப் பிடுங்கினேன். வரிசையில் நின்ற பெண்கள் "ஓ" என்று கத்தினார்கள். கரன்ட் போனால் பள்ளிக்கூடத்தில் கத்துவார்களே, அந்த மாதிரி.

செல்விக்கு நானே லீவு லெட்டர் எழுதினேன். நம்பரை எழுத்தால் எழுதினேன், சைபர் நானூற்றுப் பதினேழு என்று. எச்.ஆர். அதிகாரி கையெழுத்துப் போட்டார். முடிந்தது என்று நினைத்தோம்.

தையல் சூப்பர்வைசர் லெட்டரைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவரும் பெண்தான், கறார்.

"லெட்டர் ஓகே சார். ஆளு? லீவு குடுத்தா பதில் ஆளு வரணும். வரல."

பதில் ஆள் வந்திருந்தான். லீவுக்குப் பதில் ஆளையும் மெஷின்தான் அனுப்பும், அது அவனை வெல்டிங்குக்கு அனுப்பியிருந்தது. 417க்கு லீவு என்று, தேவசகாயம் அண்ணனின் இடத்தில் முகமூடி போட்டுக்கொண்டு தயாராக நின்றான். அவனுக்குத் தைக்கத் தெரியாது.

கார் கம்பெனிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லாரி சீட் போக வேண்டும். தலைச்சாய்வு உறை செல்வியின் மெஷினில்தான் முடியும். ஒரு இடம் காலியானால் வரிசையே நிற்கும். எச்.ஆர். அதிகாரி கையைப் பிசைந்தார்.

"நாளைக்குக் காலைல அனுப்பிடறோம்மா."

"நாளைக்கு ரயிலுல டிக்கெட் இல்ல சார்" என்றாள் செல்வி. "நாளைக்கு நலுங்கு."

மணி ஒன்றரை. வேனுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

"இவரு தெப்பாரு" என்றார் ஸ்டெல்லா.

எல்லோரும் திரும்பினோம். அவர் விரல் கணவரைக் காட்டியது.

"ஏய், ஸ்டெல்லா" என்றார் தேவசகாயம் அண்ணன். குரல் கெஞ்சியது.

"இன்னா ஏய்? வூட்ல பொடவைக்கெல்லாம் ஃபால்ஸ் அடிக்கிறது யாரு? நான் ஜாக்கெட்டு வெட்டுனா தெச்சி முடிக்கிறது யாரு? மண்ணூர்ல பாதிப் பேரு போட்டுக்கீற ஜாக்கெட்டு இவரு கைதான் சார். வெளில சொல்லாத, வெல்டிங்ல மானம் போய்டும்னு சத்தியம் வாங்கிக்கினாரு. கல்யாணமான நாளா சொல்லல. இன்னிக்கி சொல்லிட்டேன்."

வெல்டிங்கின் சிங்கம் தரையைப் பார்த்தது.

எச்.ஆர். அதிகாரி தயங்கினார். "நிரந்தர ஆளக் கொண்டுபோய் கான்ட்ராக்ட் எடத்துல எப்பிடி..."

தேவசகாயம் அண்ணன் நிமிர்ந்தார். மானம் போய்விட்டது. இனி பயமில்லை.

"சார், மூணு நாளா எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னுதான ஒங்க மெஷின் சொல்லிச்சு? இன்னிக்கி ஒரு மத்தியானம் அது சொன்ன மாதிரியே இருந்துட்டுப் போவட்டும்."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "டெஸ்ட் பீஸ் தெச்சுக் காட்டட்டும். அப்பறம் பாக்கலாம்."

செல்வியின் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. கையுறையைக் கழற்றினார். உறைத்துணியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். முழங்கால் பக்கமிருந்த நெம்புகோலைத் தட்டிவிட்டு, மெஷினை மிதித்தார். வளைவில் கொஞ்சமும் நிற்கவில்லை. சர்ரென்று ஒரு சுற்று வந்து நூலை வெட்டி நீட்டினார்.

சூப்பர்வைசர் ஸ்கேல் வைத்து அளந்தார். திருப்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"லைன்ல போடுங்க" என்றார்.

அந்தச் சத்தத்தை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. தையல் வரிசை முழுக்கக் கை தட்டியது, மேசையைத் தட்டியது, யாரோ ஒருத்தி குலவை போட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெல்டிங் ஆட்கள் முகமூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒட்டி நின்றார்கள்.

"அண்ணே, எனக்கு ஒரு ஜாக்கெட்டு!"

"லோ நெக்காண்ணே?"

"பொத்திக்கினு போயி வேலயப் பாருங்கடா" என்றார், தைப்பதை நிறுத்தாமல்.

செல்வி அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். "மிதிக்கிற காலு, தொடாத. போ, போ. வேன் போய்டும்."

இரண்டு பை, ஒரு பெட்டி. தனியாகத் தூக்க முடியாது என்று ஸ்டெல்லாவும் வேனில் ஏறினார். கணவருக்குக் கல்யாணம் என்று சண்டைக்கு வந்தவர், கல்யாணப் பெண்ணை ரயிலில் ஏற்றிவிடப் போனார். வேன் கேட்டைத் தாண்டும்போது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலமே எல்லாக் கான்ட்ராக்ட் ஆட்களிடமும் ஒவ்வொருவராகப் போய்க் கேட்கத் தொடங்கினேன். திங்கள் முதல் மெஷினில் என்ன கேட்டாய், என்ன கிடைத்தது. கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. நிரந்தரத்தில் இருக்கிற மீசைக்காரர் ஒருவருக்குப் பெண்கள் சீருடை இரண்டு செட் வந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். கேட்டதற்கு, "கம்பெனி குடுக்குது, எதுக்குக் கேக்கணும்?" என்றார்.

இப்போது சொல்கிறேன். ஒரு கட்டத்தில் நம்பர் என்று வந்தால், இரண்டு பேருடைய நம்பரைக் கூட்டிப் பாருங்கள். கூட்டினால் அர்த்தம் இருக்கிறதா? இரண்டு பேருடைய வயதைக் கூட்டலாம், எடையைக் கூட்டலாம், லீவு நாளைக் கூட்டலாம். அது எண். இரண்டு பேருடைய போன் நம்பரைக் கூட்டி என்ன செய்வீர்கள்? பஸ் நம்பரை? அடையாள அட்டை நம்பரை? அது எண் இல்லை. அது பேர். பேரை எழுத்தாக எழுதுங்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேவசகாயம் அண்ணனின் தயிர் சாதம் சொல்லித் தந்தது.

இன்னொன்று. ஆபீஸ் அறையில் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நம்பாதீர்கள். பொய் சொல்கிறார்கள் என்பதில்லை. தினமும் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வெளியே வந்து ஒரு அட்டையை, ஒரு சீட்டை, ஒரு பழைய நோட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

எச்.ஆர். அதிகாரி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அடுத்த மெஷினுக்கு எங்களையே கூப்பிட்டார். உட்கார்ந்ததும் கழுத்திலிருந்த தன் அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "மொதல்ல இதப் பாருங்க மேடம்" என்றார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை இன்னொன்று நடந்தது. லீவை ரத்து செய்ய வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவரே எழுதித் தர வேண்டும் என்பது விதி. 417இன் கல்யாண லீவு அப்படியே நின்றது. எச்.ஆர். அதிகாரி தேவசகாயம் அண்ணனிடம் காகிதத்தை நீட்டி, எழுதித் தரச் சொன்னார். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"சொந்த லீவுல கழிச்சுக்கோ சார். எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணத்துக்குச் சொல்லியிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போனுக்குப் படம் வந்தது. மாலையோடு செல்வியும் மாப்பிள்ளையும். ஒரு பக்கம் ஸ்டெல்லா, புதுப் புடவையில். இன்னொரு பக்கம் தேவசகாயம் அண்ணன், கையில் இலையிலிருந்து எடுத்த வடையோடு. ஜாக்கெட் யார் தைத்தது என்று கேட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை.

எனக்கும் சொல்லியிருந்தார்கள். போகவில்லை. இன்னும் அறுபது சைபர் பாக்கி இருந்தது.